கணவர் முன்னே, மனைவி பின்னே: கனடா லேண்டிங்குக்குத் தேதி குறிப்பது எப்படி?

என் கணவர் பிப்ரவரியில் டொராண்டோவில் போய் இறங்கினார். நானும் பிள்ளையும் ஜூலையில்தான் போய்ச் சேர்ந்தோம். இடையில் இருந்த ஐந்து மாதமும் திருச்சி வீட்டில் ஒரே பேச்சு: டிக்கெட் எப்போது போடுவது? மாமியார் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். தம்பி டிக்கெட் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கணவர் அங்கிருந்து வாட்ஸ்அப் குழுக்களில் வந்த அறிவுரைகளை எல்லாம் அனுப்பினார். முதலில் பார்க்க வேண்டிய காகிதம் மட்டும் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது.

பிஆர் எனப்படும் கனடா நிரந்தர வசிப்புரிமைக்கு அனுமதி வந்துவிட்டது, ஒருவர் முன்னால் போகிறார், மற்றவர் பின்னால் போகலாம் என்று இருக்கும் தம்பதிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் கணவர் முதலில், மனைவி பிறகு என்று எழுதினாலும், மனைவி பெயரில் விண்ணப்பித்தவர்கள் அப்படியே திருப்பிப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்கு ஆண் பெண் கணக்கு இல்லை. யார் முதன்மை விண்ணப்பதாரர், யார் அவரைச் சார்ந்தவர் என்பதுதான் கணக்கு.

முதல் வேலை: தாளில் இருக்கும் கடைசித் தேதி

பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வரும். கூடவே சிஓபிஆர் என்று எல்லோரும் சொல்லும் உறுதிப்பத்திரம் ஒன்றும் வரும். நீங்கள் கனடாவில் இறங்கி, அதிகாரி அந்தத் தாளை முடித்துக் கொடுக்கும் நொடியில்தான் நிரந்தர வசிப்புரிமை பிறக்கிறது. அதுவரை கையில் இருப்பது அனுமதி, உரிமை இல்லை. இந்த நிகழ்ச்சிக்குத்தான் லேண்டிங் என்று பெயர்.

அந்தத் தாளில் ஒரு காலாவதித் தேதி இருக்கும். பெரும்பாலும் அது மருத்துவப் பரிசோதனை செய்த நாளிலிருந்து 12 மாதம். பாஸ்போர்ட் அதற்கு முன்பே முடிகிறது என்றால் அந்தத் தேதி. குடும்பத்தில் ஒவ்வொருவர் தாளையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். உங்கள் தாளில் நவம்பர் இருந்தால் பிள்ளையின் தாளிலும் நவம்பர்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள் என்பது நினைவில் இருக்கட்டும்.

இந்தத் தேதியை நீட்டித்துத் தர மாட்டார்கள். அண்ணன் கல்யாணம், வேலையில் நோட்டீஸ் பீரியட், பரீட்சை என்று எதைச் சொன்னாலும் எடுபடாது. தேதி தாண்டிவிட்டால் அந்த அனுமதி போனதுதான். பிறகு முன்னால் போனவர் அங்கே இருந்துகொண்டு துணையைக் குடும்ப வகுப்பில், அதாவது குடும்பத்தாரைப் பொறுப்பேற்று வரவழைக்கும் பிரிவில், ஸ்பான்சர் செய்ய வேண்டும். அதாவது புதிய விண்ணப்பம், புதிய கட்டணம், புதிய காத்திருப்பு.

ஆகவே காலண்டரை முன்னிருந்து எண்ணாமல் பின்னிருந்து எண்ணுங்கள். கடைசித் தேதியிலிருந்து ஆறு வாரம் பின்னால் வந்து அங்கே ஒரு கோடு போடுங்கள். உங்கள் லேண்டிங் அந்தக் கோட்டுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அந்த ஆறு வாரம், பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டால், விமானம் ரத்தானால், வீட்டில் ஒரு சாவு விழுந்தால் என்று வைத்திருக்கும் இடம். ஆறு வாரம் என்பது என் கணக்கு, எந்த விதியிலும் கிடையாது. ஆனாலும் கடைசி வாரத்தில் டிக்கெட் போட்டு நகம் கடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

யார் முதலில் இறங்க வேண்டும்

முதன்மை விண்ணப்பதாரர் முதலில் இறங்க வேண்டும், அல்லது எல்லோரும் சேர்ந்து இறங்க வேண்டும். சார்ந்தவர் ஒரு நாள் முன்னால் கூட லேண்டிங் செய்ய முடியாது. கணவர் டில்லி வழியாகவும், டிக்கெட் மலிவு என்று மனைவி தோஹா வழியாகவும் ஒரே நாளில் கிளம்பினால், அவருடைய விமானம் தாமதமாகி இவர் முதலில் போய் நிற்கும்போது சிக்கல்தான். ஒரே நாளில் போவதானால் ஒரே விமானத்தில் போங்கள்.

பின்னால் போகிறவர், கணவர் லேண்டிங் முடித்ததற்குச் சான்றாக அதிகாரி முடித்துக் கொடுத்த அவருடைய சிஓபிஆரின் நகலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிஆர் கார்டு வந்திருந்தால் அதன் நகலும் இருக்கட்டும். என்னிடம் அதிகாரி கேட்ட முதல் கேள்வியே, "உங்கள் கணவர் வந்துவிட்டாரா, எப்போது?" என்பதுதான்.

கணவர் ஏற்கெனவே வேலை அனுமதியிலோ படிப்பு அனுமதியிலோ கனடாவில் இருக்கிறார் என்றால் கதை கொஞ்சம் வேறு. அவர் விமான நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. இணையதளத்தில், பிஆர் போர்ட்டல் வழியாக, இருந்த இடத்திலேயே முடித்துக்கொள்ளலாம். அந்த வசதி கனடாவுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான். இந்தியாவில் இருக்கும் மனைவி நேரில் போய்த்தான் இறங்க வேண்டும். போர்ட்டலில் அவருக்கு உறுதியாகி மின்னணுத் தாள் கைக்கு வரும்வரை மனைவிக்கு டிக்கெட் போடாதீர்கள்.

இறங்கும் முன் குடும்பம் மாறினால்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

விண்ணப்பம் போட்டபோது தனியாள். பிஆர் அனுமதி வந்த கையோடு வீட்டில் கல்யாணத்தை முடித்துவிடுகிறார்கள். மாப்பிள்ளை யாரிடமும் சொல்லாமல் போய்த் தனியாளாக இறங்கிவிடுகிறார், அங்கே போய் ஸ்பான்சர் செய்துகொள்ளலாம் என்ற நினைப்பில். நம் ஊர்களில் இது சர்வசாதாரணம். ஆனால் லேண்டிங்குக்கு முன்பே மனைவியாக இருந்தவரை அறிவிக்காமலும், அவருக்குப் பரிசோதனைகள் நடக்காமலும் இறங்கிவிட்டால், பிற்பாடு குடும்ப வகுப்பில் அவரைக் கூப்பிடும் வழியே அடைபட்டுவிடலாம். கனடா குடிவரவு விதிகளில் 117(9)(d) என்று வழக்கறிஞர்கள் சொல்லும் விதி இதுதான். அறிவிக்கப்படாத குழந்தைக்கும் அதே கதிதான்.

கல்யாணம், விவாகரத்து, குழந்தை எதுவானாலும், லேண்டிங்குக்கு முன் நடந்தால் குடிவரவுத் துறைக்கு எழுதிச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். தாமதம் ஆகும். ஆகட்டும். இல்லையென்றால் லேண்டிங் முடிந்த பிறகு தாலி கட்டுங்கள். ஐந்தாறு மாதம் கல்யாணத்தைத் தள்ளிப் போடச் சொல்லிப் பெண் வீட்டாரிடம் பேசுவது சங்கடம்தான். அந்தச் சங்கடம் பரவாயில்லை.

மனைவி கர்ப்பமாக இருக்கிறார் என்றால் இன்னொரு கணக்கு சேரும். லேண்டிங்குக்கு முன் இந்தியாவில் குழந்தை பிறந்தால் அந்தக் குழந்தையையும் விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும், எல்லாம் கொஞ்சம் நிற்கும். அவர் இறங்கிவிட்டுத் திரும்பி வந்து இங்கே பெற்றெடுத்தால் குழந்தைக்குத் தானாக பிஆர் வராது. தனியாக ஸ்பான்சர் செய்ய வேண்டும். கனடாவில் பிறந்தால் பிறக்கும்போதே அந்நாட்டுக் குடிமகன். 28 வாரம் தாண்டினால் பல விமான நிறுவனங்கள் மருத்துவர் சான்றிதழ் கேட்கும், 36 வாரத்துக்குப் பிறகு ஏற்றுவதே அரிது. எது வசதி என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். சம்பந்திகளின் மாநாட்டில் முடிவு செய்யாதீர்கள்.

எவ்வளவு இடைவெளி விடலாம்

என்னைக் கேட்டால் இரண்டு முதல் நான்கு மாதம். நாங்கள் விட்ட ஐந்து மாதம் ஒரு மாதம் அதிகம்.

முன்னால் போகிறவருக்கு வீடு பிடிக்கவே நாளாகும். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாநிலத்தில் வீட்டுக்காரர் சட்டப்படி முதல் மாத வாடகையும், கடைசி மாத வாடகையை முன்பணமாகவும் வாங்கலாம். அதற்கு மேல் கேட்க அவருக்கு உரிமை இல்லை. ஆனால் புதிதாக வந்தவரிடம் கடன் வரலாறோ வேலைக் கடிதமோ இருக்காது என்பதால் பலர் தட்டிக் கழிப்பார்கள். தனியாள் என்றால் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் யாராவது தமிழர் வீட்டு பேஸ்மென்டில் ஒரு அறை எடுத்துச் சமாளித்துவிடலாம். சின்னக் குழந்தையோடு அது கஷ்டம். ஆகவே அவர் போய், வேலை கிடைத்து, இரண்டு சம்பளம் வாங்கி, வீடு பிடித்த பிறகு கூப்பிடுவது நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் தள்ளிப்போடப் போட இழப்பும் உண்டு. லேண்டிங் நாள் ஒவ்வொருவருக்கும் தனி. ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவரவர் இறங்கிய நாளிலிருந்து எண்ணப்படும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஐந்து வருடத்தில் 1,095 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். கணவர் பிப்ரவரியில் இறங்கி நான் ஜூலையில் இறங்கினால், குடும்பமாகச் சேர்ந்து விண்ணப்பிக்க நினைக்கும் நாளில் அவர் எனக்காக ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கான மாத உதவித்தொகையும் பிள்ளை அங்கே வந்து உங்களோடு வசிக்கும்போதுதான் தொடங்கும். பிள்ளை திருச்சியில் பாட்டி வீட்டில் இருக்கும்போது அப்பா மட்டும் விண்ணப்பித்துப் பயனில்லை.

எந்த மாதம்

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் விடை கிட்டத்தட்ட தயாராக இருக்கிறது. நம் ஊரில் ஏப்ரலோடு வகுப்பு முடியும். அங்கே செப்டம்பர் முதல் வாரத்தில் பள்ளி தொடங்கும். இடையில் டிசி, மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை எல்லாம் வாங்கி ஜூன் கடைசிக்கும் ஆகஸ்ட் நடுவுக்கும் இடையே போய்ச் சேர்ந்தால் பிள்ளைக்கு இடம் பழக நேரம் இருக்கும். ஒன்டாரியோவில் அந்த வருட டிசம்பர் 31க்குள் நான்கு வயது நிறையும் குழந்தை ஜூனியர் கிண்டர்கார்டனில் சேரலாம். நம் ஊர் எல்கேஜி கணக்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆகஸ்ட் கடைசி வாரத்தையும் செப்டம்பர் முதல் வாரத்தையும் தவிர்க்கப் பாருங்கள். கல்லூரி மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் நேரம் அது. குடிவரவு வரிசை நீளும். ஜனவரியில் போகிறவர்கள் பனிக்கோட்டு, பூட்ஸ் எல்லாம் முதல் நாளே வேண்டியிருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். நல்ல குளிர்கோட்டு சென்னையில் தேடினால் கிடைப்பது கடினம். கணவர் அங்கே வாங்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு வரட்டும்.

இங்கேதான் எங்கள் வீட்டில் ஆடி குறுக்கே வந்தது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடி. பள்ளிக் கணக்குக்கு அதைவிட நல்ல மாதம் கிடையாது. மாமியார் கணக்குக்கு அதைவிட மோசமான மாதம் கிடையாது. ஆனி கடைசியில் ஒரு நல்ல நாளில் பரஸ்தானம் வைத்தோம். என் ஒரு பையைப் பக்கத்துத் தெருச் சித்தி வீட்டில் கொண்டுபோய் வைத்தாயிற்று. சாஸ்திரப்படி நான் ஆனியிலேயே கிளம்பிவிட்டேன். விமானம் ஆடி மூன்றாம் தேதி. இரு தரப்புக்கும் திருப்தி.

எந்த மாநிலம் என்பதும் தேதியைத் தீர்மானிக்கும். ஒன்டாரியோவில் அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். குடியேறி விண்ணப்பித்தால் போதும்; ஆனால் குடியேறிய முதல் 183 நாளில் 153 நாள் மாநிலத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். வந்த மூன்றாம் மாதமே தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் இரண்டு மாதம் தங்கலாம் என்ற திட்டம் இங்கே உதைக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மிச்ச நாட்களும் அதற்கு மேல் இரண்டு முழு மாதமும் காத்திருக்க வேண்டும். வான்கூவரில் ஜூன் 30 அன்று குடியேறினால் செப்டம்பர் 1 முதல் காப்பீடு. ஒரே ஒரு நாள் தள்ளி ஜூலை 1 அன்று என்றால் அக்டோபர் 1 முதல். ஒரு நாளில் ஒரு மாதம் போகிறது. காத்திருக்கும் காலத்துக்குத் தனியார் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே ஒரு இரவு மருத்துவமனைக் கட்டணம் நம் கற்பனைக்கு எட்டாதது.

நிலம் விற்பது, பிஎஃப் எடுப்பது போன்ற பெரிய பணம் ஏதாவது வரப்போகிறது என்றால் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள். கனடாவில் வரி வருடம் ஜனவரி முதல் டிசம்பர் வரை. அங்கே குடியேறிய நாளிலிருந்து உலகத்தில் எங்கே வரும் வருமானத்துக்கும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும்.

சாஃப்ட் லேண்டிங் வேண்டுமா

கடைசித் தேதி நெருங்குகிறது, ஆனால் இப்போது குடிபோக முடியாது. அப்போது மனைவி பத்து நாள் போய் இறங்கி, தாளை முடித்துக்கொண்டு திரும்பிவிடுவார். இதற்குத்தான் சாஃப்ட் லேண்டிங் என்று பெயர். சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் இரண்டு முறை டிக்கெட் செலவு, அதோடு 730 நாள் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். அனுமதி காலாவதியாகப் போகிறது என்ற ஒரே காரணம் தவிர வேறு எதற்கும் இதைச் செய்யாதீர்கள்.

இதில் பெரிய சங்கடம் பிஆர் கார்டு. அதைக் கனடா முகவரிக்கு மட்டும்தான் தபாலில் அனுப்புவார்கள். வரச் சில வாரங்களும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தக் கார்டு இல்லாமல் கனடா விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், ஏனென்றால் பாஸ்போர்ட்டில் இருந்த விசா ஒரு முறைக்குத்தான். கணவர் அங்கே இருந்தால் கார்டை வாங்கி யாராவது வரும்போது கொடுத்தனுப்பலாம். இல்லையென்றால் இங்கிருந்தே பயண ஆவணம் ஒன்றுக்கு விண்ணப்பித்து, 50 டாலர் கட்டிக் காத்திருக்க வேண்டும். லேண்டிங் முடிந்து 180 நாளுக்குள் கனடா முகவரி கொடுக்காவிட்டால் கார்டுக்கே தனியாக விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும்.

நகை, சாமான், பட்டியல்

புதிதாகக் குடியேறுபவர், முன்பே தனக்குச் சொந்தமாக இருந்து, தன் வசம் இருந்து, பயன்படுத்திய பொருட்களை வரியில்லாமல் கொண்டுவரலாம். இப்போது கையோடு கொண்டுவருவது ஒரு பட்டியல், பிறகு வரப்போவது இன்னொரு பட்டியல். இரண்டையும் இரண்டு பிரதி எடுத்து, பிஆராக முதல் முறை இறங்கும்போதே சுங்கத்தில் கொடுக்க வேண்டும். படிவத்தின் பெயர் பிஎஸ்எஃப் 186.

நான் இதில்தான் தடுமாறினேன். கையில் போட்டிருந்த வளையலையும் கழுத்தில் இருந்ததையும் எழுதினேன், லாக்கரில் விட்டு வந்த ஆரத்தையும் ஒட்டியாணத்தையும் மறந்தேபோனேன். சுங்க அதிகாரி பொறுமைசாலி, அங்கேயே ஒரு வெற்றுத்தாள் கொடுத்து எழுதச் சொன்னார். தூங்கி வழியும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒட்டியாணத்தின் எடையை நினைவுபடுத்திப் பார்த்தது தனி அனுபவம். நீங்கள் வீட்டிலேயே ஒவ்வொரு நகையையும் போட்டோ எடுத்து, எடையும் மதிப்பும் எழுதி, நகைக்கடை மதிப்பீட்டுச் சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட் லேண்டிங் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முதல் முறை பட்டியலில் இல்லாத நகையை இரண்டாம் முறை கொண்டுபோனால் வரி கேட்கலாம்.

புதுமணத் தம்பதிக்கு ஒரு சலுகை உண்டு. இறங்குவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடந்திருந்தால் கல்யாணப் பரிசுகளும் சீர்வரிசையும் பயன்படுத்தாமல் பெட்டியோடு இருந்தாலும் வரி விலக்குக்குள் வரும். ஏற்கெனவே உங்கள் வசம் இருந்தால் போதும். வரியில்லாமல் கொண்டுபோனதை 12 மாதத்துக்குள் விற்றால் மட்டும் வரி கட்ட வேண்டியிருக்கும். 10,000 கனடா டாலரோ அதற்கு மேலோ பணமாகவோ டிராஃப்டாகவோ எடுத்துப் போனால் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் பிரச்சினை இல்லை, மறைத்தால்தான்.

டிக்கெட்டும் இறங்கும் நாளும்

அமெரிக்கா வழியாகப் போகும் டிக்கெட் மலிவாகக் கண்ணில் படும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு அங்கே விமானம் மாறுவதற்குக் கூட அமெரிக்க விசா வேண்டும். எங்களுக்கு ஒரு பயண ஏஜென்ட் அப்படித்தான் நியூயார்க் வழியாகப் போட்டுக் கொடுத்தார். ரத்து செய்ததில் நல்ல தொகை போயிற்று. இன்னொன்று: கனடாவில் முதலில் தொடும் விமான நிலையத்தில்தான் லேண்டிங் நடக்கும். கால்கரிக்குப் போகிறவர் டொராண்டோவில் மாறினால் டொராண்டோவில்தான் வரிசை. அடுத்த விமானத்துக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.

பாஸ்போர்ட்டையும் இடையில் தொடாதீர்கள். விசா ஒட்டிய பிறகு கணவர் பெயரைச் சேர்க்கிறேன், இனிஷியலை விரிக்கிறேன் என்று புதுப் பாஸ்போர்ட் எடுத்தால் விசாவும் தாளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும்; அவர்கள் ஆவணங்களில் முழுப் பெயரும் குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். அதை லேண்டிங்குக்குப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பிறந்த தேதி தப்பாக இருந்தால் உடனே, கிளம்பும் முன்பே எழுதிக் கேளுங்கள்.

கைப்பையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், கையெழுத்துப் போடாத சிஓபிஆர், கணவரின் சிஓபிஆர் நகல், திருமணச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், சாமான் பட்டியல், பண இருப்புச் சான்று, முகவரி. இவற்றை லக்கேஜில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். அதிகாரி சொல்லும்வரை தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

இலங்கையிலிருந்து ஸ்பான்சரில் வருகிற மனைவிமாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் விண்ணப்பத்தில் நீங்களே முதன்மை ஆள், ஆகையால் யாரும் முன்னால் இறங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. கூட வரும் பிள்ளைகள்தான் உங்களுக்கு முன் இறங்கக் கூடாது. வந்து இரண்டு வருடம் கணவரோடு வாழாவிட்டால் பிஆர் போய்விடும் என்று இன்னும் சிலர் பயமுறுத்துவார்கள். அந்த நிபந்தனையை 2017 ஏப்ரலில் நீக்கிவிட்டார்கள். கணவர் உங்களைப் பராமரிப்பதாகக் கொடுத்த மூன்று வருட உறுதிமொழி மட்டும் நீங்கள் இறங்கிய நாளிலிருந்து ஓடும்.

கடைசியாக, அதிகாரி கேட்கும் முகவரி. பிஆர் கார்டு அங்கேதான் வரும். பேஸ்மென்டில் இருக்கிறீர்கள் என்றால் பேஸ்மென்ட் என்றே சேர்த்து எழுதச் சொல்லுங்கள், தபால் குறியீட்டை ஒரு முறை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். வீட்டுக்குப் போனதும் தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டுப் பெட்டியில் கணவர் பெயர் மட்டும்தான் இருந்தது. என் கார்டு திரும்பிப் போனது, அது மறுபடி வந்து சேர இன்னும் ஏழு வாரம் ஆனது.